கரி வட்டம்

நீ ஜன்னல் பக்கம் உக்காரும்மா. நான் இந்தப் பக்கமே இருந்துக்கிறேன். வயித்துப் புள்ளக்காரி, உனக்குத்தான் காத்து வேணும். எத்தனாவது மாசம்? ஆறா? பாத்தா அவ்வளவு தெரியலையே. முதல் புள்ளையா? நல்லா இரு. அம்மா வீட்டுக்குப் போறியா? எங்க, நீடாமங்கலமா? சரி சரி. அந்தப் பையை மட்டும் காலால தள்ளிடாதம்மா, உள்ள தொட்டில் கட்டை இருக்கு. வேளாங்கண்ணி போற வழியில ஒரு ஆசாரிகிட்ட சொல்லி கடைஞ்சு வாங்கினேன். ரெண்டு முனையிலயும் கிளி வச்சிருக்காரு பாரு. சாயம் இன்னும் கையில ஒட்டுது.

பேரனுக்குத்தான். பொறந்து குப்புற விழுற வயசாயிடுச்சு, இன்னும் சொந்த வீட்டு வாசப்படியை மிதிக்கலை. மிதிக்கலைன்னா, தூக்கிட்டு வரலை. தஞ்சாவூர்ல என் மருமகளோட பொறந்த வீட்டுலயே கிடக்கான். இன்னிக்கு நல்ல நாளு, வளர்பிறை. கையோட கூட்டிட்டு வந்துடறதுன்னு கிளம்பிட்டேன். சொல்லாமத்தான் போறேன். சொன்னா இன்னிக்கு வராதீங்கம்பா, அடுத்த வாரம்பா, ஊசி போடணும்பா. எத்தனை வாரம்தான் கேக்கறது?

எதுக்குக் கோவம்னு கேளேன். கேட்டா சிரிப்பே. வரதட்சணை கேட்டோமா, சோறு போடாம விட்டோமா, கை நீட்டினோமா? ஒண்ணும் இல்ல. மேல இருக்கிற காரைக்காகக் கோவம். ரூம்ல மேல் மச்சுல பூசியிருக்குமே, சுண்ணாம்புக் காரை, அது. ஒரு காரைக்காக ஒரு மருமக மாமியா வீட்டை விட்டுப் போவாளாம்மா? எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கியா?

எங்க வீடு நாகப்பட்டினத்துல வெளிப்பாளையம் பக்கம். எங்க வீட்டுக்காரரோட தாத்தா கட்டினது. மெட்ராஸ் டெரஸ்னு சொல்வாங்க. தேக்குக் கட்டையை வரிசையாப் போட்டு, அதுமேல செங்கல்லை நிக்க வச்சு அடுக்கி, அடியில சுண்ணாம்புல பூசியிருப்பாங்க. கூடத்தை மட்டும் எங்க வீட்டுக்காரர் இருக்கும்போதே இடிச்சிட்டு கான்கிரீட் போட்டுட்டாரு. மத்த ரூம் எல்லாம் அப்படியே விட்டுட்டுப் போய்ச் சேந்துட்டாரு. கடல் காத்து வேற. உப்பு ஏறி ஏறி, சுவரெல்லாம் மாவு மாவாக் கொட்டும். கையை வச்சுத் தேச்சா விபூதி மாதிரி வரும்.

அந்த முன் ரூம், அதான் என் மகன் மணிவண்ணன் ரூம், அதுல மேல காரை தொப்பை போட ஆரம்பிச்சுது. சும்மா லேசாத்தான். படுத்துக்கிட்டுப் பாத்தா தெரியும். சரி, பாத்துடலாம்னு அந்தோணிசாமி கொத்தனாரை வரச் சொன்னேன். அவரு ஒரு ஆளு. காலையில வர்றேன்னா சாயங்காலம் வருவாரு. வந்து டீ குடிப்பாரு, பேசுவாரு, இன்னொரு டீ குடிப்பாரு. அப்புறமா ஸ்டூல் போட்டு ஏறி, கரணைப் பிடியால மேல ஒவ்வொரு இடமாத் தட்டினாரு. கணீர்னு கேட்டா ஒட்டியிருக்குதாம். பொத்து பொத்துன்னு கேட்டா செங்கல்லை விட்டுட்டு தனியாத் தொங்குதாம். அடுப்பங்கரையிலேர்ந்து ஒரு கரித்துண்டு வாங்கி, பொத்துன்னு கேட்ட இடத்தையெல்லாம் சுத்தி ஒரு வட்டம் போட்டாரு. பெரிய வட்டம். மாட்டு வண்டிச் சக்கரம் இருக்கும். நேரா கட்டிலுக்கு மேல.

"இதைப் பூரா இறக்கிட்டு புதுசாப் பூசணும்மா. திங்கக்கிழமை வந்துடறேன்"னாரு.

அந்தத் திங்கக்கிழமைக்குள்ள என்ன ஆச்சு தெரியுமா? அபிராமி, அதான் என் மருமக, முழுகாம இருக்கான்னு தெரிஞ்சுடுச்சு.

நாலு வருஷம்மா. நாலு வருஷமா நான் ஏறாத கோயில் இல்ல. திருக்கருகாவூர் நெய்யைக் கொண்டு வந்து குடுத்தேன். சுத்தாத அரசமரம் இல்ல. தெருவுல ஒவ்வொருத்தியும் "என்ன, விசேஷம் ஏதும் உண்டா"ன்னு கேக்கும்போது நான் எப்படிக் கூசிப் போவேன்! அப்படி இருக்கும்போது வந்த சேதி. மணிவண்ணன் வந்து சொன்ன உடனே எனக்கு அழுகைதான் வந்துது. நான் முதல்ல பண்ணின காரியம் என்ன தெரியுமா? கொத்தனாருக்குப் போன் போட்டு, வராதீங்கன்னுட்டேன்.

தெரியும்ல உனக்கு? புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல இடிக்கக் கூடாது. ஒரு ஆணி அடிக்கக் கூடாது. உங்க வீட்டுலயும் சொல்லியிருப்பாங்களே. சொல்லலையா? என்னம்மா இது, யாரு உனக்கு மாமியா? சரி, அது உங்க வழக்கம்.

எனக்கு இது யாரோ சொன்ன கதை இல்லம்மா. மணிவண்ணனுக்கு முன்னால எனக்கு ஒண்ணு தங்குச்சு. எங்க மாமனார் அடுப்பங்கரைச் சுவத்துல அலமாரி வைக்கிறேன்னு கடப்பாரையைப் போட்டாரு. நான் பக்கத்து ரூம்ல உக்காந்து அரிசி புடைச்சிக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு இடிக்கும் வயித்துக்குள்ள திடுக்குன்னுது. சொல்லவும் பயம். அந்தக் காலத்துல மாமனார்கிட்டப் போயி நிறுத்துங்கன்னு யாரு சொல்றது? அந்த வாரமே போயிடுச்சு. பொம்பளப் புள்ள. டாக்டரம்மா வேற என்னமோ காரணம் சொன்னாங்க. அவங்க அந்தச் சத்தத்தைக் கேக்கலையே, நான்ல கேட்டேன். இப்பவும் எங்கயாவது கடப்பாரைச் சத்தம் கேட்டா என் கை தானா வயித்துல போயிடும். இந்த வயசுலயும்.

அதனால நான் எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தேன்கிறே! கேபிள்காரன் ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கிறேன்னான். கட்டையை எடுத்துட்டுப் போயிட்டேன் அடிக்க. பக்கத்து வீட்டுல மோட்டாருக்கு ஓட்டை போட ஆரம்பிச்சாங்க. மதில் சுவத்து மேல தலையை நீட்டி நான் போட்ட சத்தத்துல அந்த ஆளு மெஷினைத் தூக்கிட்டு ஓடியே போயிட்டான். இன்னி வரைக்கும் அந்த வீட்டோட பேச்சு வார்த்தை இல்ல. யாருக்காகப் பண்ணினேன்? எனக்காகவா?

அந்தோணிசாமி மறுபடியும் ஒருநாள் வந்து நின்னாரு. "இடிக்க வேணாம்னா விடுங்கம்மா, முட்டாவது குடுத்துடறேன். ரெண்டு சவுக்குக் கட்டையை நிறுத்தி, மேல ஒரு பலகையை வச்சு அண்டக் குடுத்துட்டா பிரசவம் வரைக்கும் தாங்கும்"னாரு.

"சத்தம் வருமா?"ன்னேன்.

"கட்டைக்கு அடியில ஆப்பு அடிச்சாத்தாம்மா முட்டு நிக்கும். நாலு தட்டு தட்டணும்."

"ஒரு தட்டும் வேணாம், நீங்க போங்க"ன்னுட்டேன். அவரு வேதக்காரரு, அவங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? போகும்போது வாசல்ல நின்னு, "அந்த வட்டத்தைத் தாண்டி விரிசல் போச்சுன்னா யாரையும் உள்ள படுக்க விடாதீங்கம்மா"ன்னுட்டுப் போனாரு. வேலை கிடைக்கலைன்னா இவங்க எதையாவது சொல்லிப் பயமுறுத்துவாங்க.

கீவளூர் வந்துடுச்சா? இந்த பஸ்ஸு என்ன இப்படி உருட்டுறான். நீ சாஞ்சுக்கம்மா. முறுக்கு தின்னுறியா? வேணாமா? சரி.

எங்க விட்டேன்? ஆங். நான் ஒண்ணும் அந்தக் காரையைக் கவனிக்காம இல்ல. கவனிச்சேன். முதல் நாளே அந்த ரூம்ல இருந்த பீரோவைக் கூடத்துக்கு மாத்திட்டேன். ஆளுயரக் கண்ணாடி வச்ச பீரோ. எனக்கு எங்க அப்பா குடுத்த சீரு. ஒரு கட்டி விழுந்தாப் போதும், கண்ணாடி போயிடும். இந்தக் காலத்துல அந்த மாதிரி கண்ணாடி வருமா? நானும் மணிவண்ணனும் சத்தமே வராம, அடியில கோணியைப் போட்டு, அப்படியே இழுத்துட்டு வந்தோம். டிவியையும் தூக்கிட்டு வந்துட்டேன்.

தூசி கொட்டுச்சு, உண்மைதான். காலையில எந்திரிச்சா கட்டில் மேல உப்புத் தூவின மாதிரி இருக்கும். அதுக்கும் நான் வழி பண்ணினேன். மேல ஏற்கெனவே பழைய கொக்கி எல்லாம் இருக்கு. அதுல எங்க வீட்டுக்காரரோட எட்டு முழ வேட்டியை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன். பந்தல் மாதிரி. தூசி எல்லாம் அதுலயே நின்னுக்கும். ஆணி இல்ல, சத்தம் இல்ல. யாருக்குத் தோணும் சொல்லு? இவ அண்ணாந்து பாத்துட்டு, "வேட்டியா அத்தை காரையைத் தாங்கும்?"னா. வாய்.

அந்த வேட்டி கட்டினதுக்கு அப்புறம் கரி வட்டம் தெரியாமப் போச்சு. எனக்கு அதுல ஒரு நிம்மதி. அவளுக்கு அது பொறுக்கலை. ஒருநாள் நான் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர்றேன், இவ வேட்டியில ஒரு முனையை அவுத்து விட்டுட்டு, தொடப்பக் கட்டையைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு மேல தட்டித் தட்டிப் பாத்துட்டு இருக்கா! நாலு மாசப் புள்ளத்தாச்சி, கையைத் தூக்கிக்கிட்டு! எனக்கு உசிரே போயிடுச்சு. "என்ன காரியம் பண்ற நீ?"ன்னு கத்தினேன்.

"வட்டத்துக்கு வெளியவும் பொத்துன்னு கேக்குது அத்தை. விரிசல் பாருங்க, எங்க வந்துடுச்சுன்னு" அப்படீங்கிறா.

ஆமா, ஒரு கோடு தாண்டித்தான் போயிருந்துது. ஆனா மயிரிழைக் கோடு. அதைப் பாத்துட்டு இருந்தா எப்படி? புள்ளத்தாச்சி நல்லதைப் பாக்கணும், நல்லதை நினைக்கணும். இவ படுத்துக்கிட்டு ராவும் பகலும் அந்த மேல் மச்சையே பாத்தா, புள்ளைக்கு ஆகுமா? கீழ இவளுக்கு ஒரு வயிறு, மேல அதுக்கு ஒரு வயிறு, ரெண்டும் வளருதுன்னு நான் விளையாட்டுக்குச் சொன்னேன். அதுக்கும் சிரிக்கலை.

ஒருநாள் மத்தியானம் கூடத்துல தரையில பாயைப் போட்டுப் படுத்துட்டா. எனக்கு எப்படி இருக்கும்? கூடம் வாசலைப் பாத்த மாதிரி இருக்கு. தபால்காரன் வர்றான், பால்காரன் வர்றான். தரையோ சில்லுன்னு இருக்கு. வாயு பிடிச்சுக்கிட்டா? "உள்ள போயி கட்டில்ல படும்மா, அதுக்குத்தானே கட்டிலு"ன்னு நல்லதனமாத்தான் சொன்னேன். கூடத்துல இன்னொரு கட்டில் போட இடமில்ல. என் கட்டில் கிடக்கு, இப்ப பீரோ வேற வந்துடுச்சு, டிவி வந்துடுச்சு. எனக்கு மூட்டு வலிம்மா, தரையில உக்காந்தா எந்திரிக்க ஒரு ஆள் வேணும். இதெல்லாம் அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா? எந்திரிச்சு பாயைச் சுருட்டிக்கிட்டு உள்ள போனா. அந்தப் பேசாம இருக்கிறதுதாம்மா என்னைக் கொல்லும். எதா இருந்தாலும் வாயைத் திறந்து சண்டை போட்டுடணும். நான் அப்படித்தான்.

இந்தா, திருவாரூரு. எத்தனை பேரு ஏர்றான் பாரு. ஏம்ப்பா, இடிக்காத, புள்ளத்தாச்சி உக்காந்திருக்கா, கண்ணு தெரியலை? என் மகன் இந்த ஊர்லதான் பேங்க்ல இருக்கான். முன்ன நாகப்பட்டினத்துலேர்ந்து வந்துட்டுப் போவான். இப்ப தஞ்சாவூர்லேர்ந்து வந்துட்டுப் போறான். கேட்டா, "ரெண்டு மடங்கு தூரம்னாலும் பரவாயில்லம்மா"ங்கிறான். பெத்தவ வீட்டை விட மாமியா வீடு கிட்டக்க ஆயிடுச்சாம்.

சொல்றேன் கேளு. அஞ்சாம் மாசம். காலையில அவ தலைக்குக் குளிக்கப் போயிருக்கா. நான் கூடத்துல உக்காந்து கீரை ஆய்ஞ்சிக்கிட்டு இருக்கேன். திடும்னு ஒரு சத்தம் பாரு, தெருவுல நாயெல்லாம் குலைக்குது. ரூமே தெரியலை, அவ்வளவு புகை. கொஞ்சம் அடங்கினதும் பாக்கிறேன், வேட்டி கிழிஞ்சு ரெண்டாத் தொங்குது. கட்டில் பூரா காரை. தலகாணி இருந்த இடத்துல அம்மிக்கல்லு மாதிரி ஒரு கட்டி. தலகாணி அதுக்கடியில.

ஓடிப் போயி சாமிக்கு விளக்கு ஏத்தினேன். "பாத்தியா அபிராமி, நாம ஒரு ஆணி கூட அடிக்காம இருந்தோம்ல, அந்தப் புண்ணியம்தான் உன்னையும் புள்ளையையும் அந்த நேரத்துக்குக் குளிக்க அனுப்பி வச்சிருக்கு"ன்னேன். நான் சொன்னது தப்பா? அந்த நேரத்துல அவ எந்திரிச்சுப் போகணும்னு யாரு எழுதி வச்சா?

தலையில துண்டோட வாசப்படியில நின்னா. தலகாணியைப் பாத்தா. அப்புறம் கூடத்துக்கு வந்து, பீரோ முன்னால நின்னு தலையைத் துவட்டினா. துணியெல்லாம் எடுத்து மடிச்சா. பீரோ கூடத்துல இருந்தது அதுக்கும் வசதியாப் போச்சு. மத்தியானமே எங்க சம்பந்தி கார் எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. வாசல் வரைக்கும் போயி, என்னைத் திரும்பிப் பாத்து, "கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகலை அத்தை"ன்னா.

"ஆமாம்மா, நல்லவேளை"ன்னேன். அந்த நேரத்துலயும் அந்தக் கண்ணாடியை நினைச்சாளேன்னு எனக்கு மனசு குளுந்து போச்சு. அதான் சொல்றேன், குணத்துல கெட்டவ இல்ல. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க.

வளைகாப்பை எங்க வீட்டுல போட விடலை. தஞ்சாவூர்லயே பண்ணினாங்க. கூப்பிட்டாங்க, போனேன். வளையல் அடுக்கினேன். எல்லார்கிட்டயும் சிரிச்சு சிரிச்சுப் பேசினவ, என்கிட்ட "வாங்க அத்தை, சாப்பிடுங்க அத்தை", அவ்வளவுதான். புள்ள பொறந்தப்பவும் போனேன். தூக்கிக் குடுத்தாங்க. என் சுண்டு விரலைப் பிடிச்சுக்கிட்டான்ம்மா. பிடிச்சவன் விடவே இல்ல. அந்த வீட்டுல ஒவ்வொருத்தரா வந்து விரலைப் பிரிச்சு எடுக்கப் பாக்கிறாங்க, வரமாட்டேங்கிறான். எங்க வீட்டுக்காரர் மூக்கு அப்படியே. அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதா நான் எந்திரிச்சு உக்காந்துக்கிறேன்.

சரி, புள்ள பொறந்தாச்சு, இனிமே இடிக்கலாம்னு பாத்தா, என் மக தேன்மொழி வந்து நிக்கிறா. மாயவரத்துல கட்டிக் குடுத்திருக்கு. அவளும் முழுகாம இருக்கா, டாக்டர் படுத்தே இருக்கணும்னுட்டாங்கன்னு மாப்பிள்ளை கொண்டாந்து விட்டுட்டாரு. வேற ரூம்ல விட முடியுமா? முன் ரூம்லதான் காத்து வரும். அங்கயோ மேல பாதி தொங்குது. பெத்த பொண்ணை எப்படிம்மா அதுக்கடியில படுக்க வைப்பேன்? எனக்குச் சோறு இறங்கலை. ஜோசியர்கிட்ட ஓடினேன்.

அவரு யோசிச்சுச் சொன்னாரு, "கட்டிக் குடுத்த பொண்ணு உங்க வீட்டுக் கணக்குல வரமாட்டாம்மா. அவ புருஷன் வீட்டைத்தான் இடிக்கக் கூடாது. உங்க வீட்டை நீங்க தாராளமா இடிக்கலாம்." பாத்தியா? எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கு. கேக்கத் தெரியணும்.

மறுநாளே அந்தோணிசாமியை ஆள் விட்டு அழைச்சேன். அந்த மனுஷன் வந்து ஒரு டீ கூடக் குடிக்காம மேல பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் வேலையை ஆரம்பிச்சாரு. தொங்கினது பூரா இறக்கி, செங்கல்லைக் கம்பி பிரஷ்ஷு போட்டுத் தேச்சு, தண்ணி அடிச்சு ஊற விட்டு, சுண்ணாம்பைக் குழியில நீத்து, கடுக்காய்த் தண்ணி ஊத்திக் குழைச்சு, ரெண்டு மூணு பூச்சா பூசினாரு. "சிமெண்டை வச்சு அப்பிட்டுப் போங்களேன், சீக்கிரம் முடியுமே"ன்னேன். பழைய வீட்டுக்கு அது ஒட்டாதுன்னுட்டாரு. அது வரைக்கும் தேன்மொழியைக் கூடத்துல என் கட்டில்ல படுக்க வச்சேன். வாசலுக்கு ஒரு படுதாவைத் தொங்க விட்டுட்டேன். பீரோவைத் தூக்கித் தாழ்வாரத்துல போட்டேன். நான் தரையில பாய் போட்டுக்கிட்டேன். முட்டி ரெண்டும் வீங்கிப் போச்சு. பெத்தவளுக்கு அதெல்லாம் ஒரு கஷ்டமா?

இப்ப போய்ப் பாக்கணும் நீ அந்த மேல் மச்சை. முட்டை ஓடு மாதிரி வழவழன்னு இருக்கு. தட்டினா கணீர்னு கேக்குது. நானே தட்டிப் பாத்தேன். உடனே ஒரு போட்டோ எடுத்து அபிராமிக்கு அனுப்பச் சொன்னேன் தேன்மொழியை. பாரும்மா, எதுக்காகப் போனியோ அது சரியாயிடுச்சு, இனிமே என்ன வருத்தம்னு. அவ போன் பண்ணினா. எனக்கு ஒரே சந்தோஷம்.

"நல்லா இருக்கு அத்தை. அந்த ரூம்ல இப்ப யாரு இருக்கா?"ன்னா.

"தேன்மொழிதான்மா, பாவம் அவளுக்கு ஏழாம் மாசம் வரப் போகுது"ன்னேன்.

"தேன்மொழி இருக்கும்போதா அத்தை இடிச்சீங்க?"

நான் ஜோசியர் சொன்னதை விவரமாச் சொன்னேன். "சரிங்க அத்தை"ன்னு வச்சுட்டா. அதுக்கு மேல போனும் இல்ல, ஒண்ணும் இல்ல. மணிவண்ணனும் அந்த வாரத்துலேர்ந்துதான் தஞ்சாவூர்லயே தங்கிட்டான். இப்ப சொல்லு. காரை தொங்குதுன்னு போனா. காரையை சரி பண்ணியாச்சு. இன்னும் வரமாட்டேங்கிறா. இவளுக்கு என்னதாம்மா வேணும்? எனக்கு மண்டை வெடிச்சிடும் போல இருக்கு. ஒருத்தரும் எனக்கு விளக்கிச் சொல்ல மாட்டேங்கிறாங்க. மகனைக் கேட்டா, "உனக்குப் புரியாதும்மா"ங்கிறான். புரியற மாதிரி சொன்னா எனக்குப் புரியாதா?

என்ன, நிறுத்திட்டான்? ஓ, நீடாமங்கலம் ரயில்வே கேட்டா? போச்சு போ. இந்த கேட்டைப் போட்டா எப்பத் திறப்பான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. நீ இங்கயே இறங்கி நடந்துடாத, வெயிலு. உக்காரு, போகட்டும் ரயிலு.

நான் முடிவு பண்ணிட்டேன். போயி, சம்பந்தி வீட்டு வாசல்ல நின்னு, என் பேரனைக் குடுங்கன்னு கேக்கப் போறேன். கௌரவம் பாக்கலை. கால்ல விழுன்னா அதுக்கும் விழுறேன். இந்தத் தொட்டில் கட்டையைக் காட்டினா அவ மனசு இளகிடும். என் புடவைதான் தூளிக்கு. துவைச்சுத் துவைச்சுப் பஞ்சு மாதிரி இருக்கு, எடுத்து வச்சிருக்கேன். வந்துடுவால்ல? நீ என்ன நினைக்கிறே? உனக்கும் அவ வயசுதானே இருக்கும். நீயா இருந்தா வருவியா, மாட்டியா?

என்ன கேட்டே? எந்த ரூமா? அவங்க எங்க படுப்பாங்கன்னு கேக்கிறியா?

பின்கட்டுல ஒரு ரூம் இருக்கும்மா. நல்ல ரூம். சுத்தம் பண்ணி, பாய் தலகாணி எல்லாம் போட்டு வச்சிட்டேன். முன் ரூமைத் தேன்மொழிக்கு விட்டாச்சு, பிரசவம் முடியற வரைக்கும் அவளை அசைக்க முடியாது. பின்கட்டுல மேல கொஞ்சம் பழைய காரைதான். அந்தோணிசாமி அங்கயும் ஏறித் தட்டிப் பாத்துட்டு ஒரு வட்டம் போட்டுட்டுப் போனாரு. இப்ப வேணாம், தேன்மொழிக்குத் தூசி ஆகாது, அவ பெத்துப் பொழைச்சு எந்திரிக்கட்டும்னுட்டேன்.

சின்ன வட்டம்தாம்மா. சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். மேல தொட்டில் மாட்டுற வளையம் அதுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கு. எனக்கு முட்டி இந்த நிலைமையில இருக்கும்போதும், நாற்காலி போட்டு ஏறி, கையால அளந்து பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்.